சூறை கடந்த சென்னைக் கடல்: வில்லியம் டேனியலின் 1833 ஓவியத்தில் உணர்வும் பொருளும்

'மதராஸ் அல்லது செயின்ட் ஜார்ஜ் கோட்டை, வங்காள விரிகுடா: கடந்து செல்லும் சூறைக்காற்று' என்பது ஆங்கில ஓவியர் வில்லியம் டேனியல் (1769–1837) வரைந்த எண்ணெய் வண்ண ஓவியம். 1833-ஆம் ஆண்டு இலண்டன் ராயல் அகாதமியில் காட்சிக்கு வைக்கப்பட்டது. இன்று அமெரிக்காவின் நியூ ஹேவன் நகரில், யேல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பிரிட்டிஷ் கலை மையத்தில் உள்ளது. சென்னைக் கடலைப் பற்றி ஐரோப்பியர் வரைந்த படங்கள் ஏராளம். பெரும்பாலானவற்றில் கோட்டைதான் கதாநாயகன். கடல் அதன் முற்றம். இந்தப் படத்தில் கடல் முன்னே வந்துவிட்டது, கோட்டை பின்னே போய்விட்டது.

கடல் ஓவியம் ஒன்றைக் கொடுத்து, "இதில் வெளிப்படும் உணர்வு யாது?" என்று கேட்டால் மாணவர்கள் நிறத்தைப் பார்த்தே விடை எழுதுவார்கள். நீலம் என்றால் அமைதி, கறுப்பு என்றால் துயரம், செம்மை என்றால் மாலை, ஆகவே ஏக்கம். நானும் பல ஆண்டுகள் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தேன். இது முழுத் தவறு அன்று. ஆனால் டேனியலின் இந்தப் படத்தை இந்தச் சூத்திரத்தால் அணுகினால் ஏமாந்துபோவோம். முகில் கறுத்திருக்கிறது, கடல் கொந்தளிக்கிறது. ஆனாலும் படத்தின் உணர்வு துயரமோ அச்சமோ அல்ல. அது ஏன் என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை. படத்தை நான் கணினித் திரையில்தான் பார்த்திருக்கிறேன். ஆகவே தூரிகை ஓட்டம், வண்ணத்தின் தடிப்பு போன்றவற்றைப் பற்றி ஒன்றும் சொல்லப்போவதில்லை. திரைக்குத் திரை கடலின் பச்சை மாறுகிறது.

ஓவியரும் சென்னையும்

வில்லியம் டேனியல் தம் சிற்றப்பா தாமஸ் டேனியலுடன் (1749–1840) 1785-இல் இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது அவருக்கு வயது 16. சீனம் வழியாகக் கல்கத்தா வந்து, வட இந்தியாவில் நெடுந்தூரம் அலைந்து வரைந்த பிறகு, 1792-இல் இருவரும் சென்னை வந்து இறங்கினார்கள். அங்கிருந்து பல்லக்கிலும் நடையிலுமாகத் தெற்கே சென்றார்கள். மதுரை, தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி, மாமல்லபுரம் எல்லாம் அவர்களுடைய தாள்களில் ஏறின. 1793-இன் தொடக்கத்தில் சென்னைக்குத் திரும்பினார்கள். 1794-இல் இங்கிலாந்து சேர்ந்தார்கள். 1795 முதல் 1808 வரை அவர்கள் வெளியிட்ட 'ஓரியண்டல் சீனரி' என்ற தொகுதியில் 144 படங்கள் உள்ளன. அக்வடின்ட் என்ற செப்புத்தகட்டு அச்சு முறையில் அச்சிட்டு, கையால் வண்ணம் தீட்டியவை. அன்றைய தமிழ்நாட்டின் கோயில், கோட்டை, மலை ஆகியவற்றின் தோற்றத்துக்கு நமக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த சான்றுகளில் அது ஒன்று.

அதே தொகுதியில் செயின்ட் ஜார்ஜ் கோட்டையின் தென்கிழக்குத் தோற்றமும் இருக்கிறது. அது 1790-களின் படம். பார்த்த கண் ஆறும் முன் அச்சிட்டது. நாம் பேசும் எண்ணெய் வண்ண ஓவியமோ, சென்னையை விட்டுப் போய் 40 ஆண்டுகள் கழித்து வரைந்தது. இடையில் அவர் இந்தியாவுக்கு வரவே இல்லை. 1814-க்கும் 1825-க்கும் இடையில் பிரிட்டன் தீவின் கரையைச் சுற்றி வந்து 308 அக்வடின்ட் படங்கள் வெளியிட்டார். 1822-இல் ராயல் அகாதமியின் முழு உறுப்பினர் ஆனார். ஆகவே 1833-இல் அவர் வரைந்த சென்னைக் கடலில் இரண்டு கடல்கள் கலந்திருக்கின்றன: இருபத்து மூன்று வயது இளைஞன் கண்ட வங்கக் கடலும், அறுபத்து நான்கு வயது முதியவர் கற்றுத் தேர்ந்த வடகடலும். பழைய குறிப்பேட்டைப் புரட்டிக்கொண்டு, போகமுடியாத கரை ஒன்றை வரையும் ஒரு மனிதரை இந்தப் படத்துக்குப் பின்னால் வைத்துப் பார்க்க வேண்டும். அந்த வயதைத் தொட்டவன் என்பதால் எனக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே தோன்றுகிறதோ என்னவோ.

கப்பல் தளத்திலிருந்து

படத்தைப் பார்க்கிறவர் எங்கே நிற்கிறார்? இதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. கரையில் அல்ல. நம் காலடியில் மணல் இல்லை, நீர்தான் இருக்கிறது. முன்புலம் முழுவதும் புரளும் கடல், அதில் உள்ளூர்க் கலங்கள். கோட்டை தொலைவில், தாழ்வாக. நாம் வந்துகொண்டிருப்பவர்கள், இன்னும் இறங்கவில்லை.

1833-இல் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும். கப்பல்கள் கரையிலிருந்து ஒரு மைலுக்கும் அப்பால், திறந்த கடலில் நங்கூரம் போட்டு நின்றன. அங்கிருந்து கரைக்கு வர வேண்டுமானால் அடுக்கடுக்காக அலை உடையும் பகுதியைக் கடக்க வேண்டும். ஐரோப்பியக் கப்பலின் சிறு படகு அதில் நிற்காது. ஆணி அடித்த பலகை அலையின் அறையில் பிளந்துவிடும். அதற்காகவே இருந்தது மசூலா படகு. பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டியது, ஆணி கிடையாது, உள்ளே விலாச்சட்டம் கிடையாது. அலை மோதினால் வளைந்து கொடுக்கும், தரை தட்டினால் நெளிந்து கொடுக்கும். அதன் கூடவே கட்டுமரம் வரும். படகு கவிழ்ந்தால் பயணிகளைத் தூக்குவது கட்டுமரத்தாரின் வேலை. மசூலாவும் இறங்க முடியாத நாளில் கப்பலுக்கும் கரைக்கும் இடையே கடிதம் கொண்டு போனவர்களும் அவர்களே. தலையில் கட்டிய ஓலைத் தொப்பிக்குள் கடிதம் நனையாமல் இருக்கும். கட்டுமரம் என்ற நம் சொல் ஆங்கிலத்துக்குப் போனது இந்தக் கடலின் வழியாகத்தான்.

கப்பல் தளத்தில் நின்று கரையைப் பார்க்கும் ஆங்கிலேயருக்குச் சென்னைக் கடல் இப்படிப்பட்ட ஒரு வாசற்படி. ஆறு மாதப் பயணத்தைப் பிழைத்து வந்தவர் கடைசி ஒரு மைலில் செத்துப்போகலாம். அதனால்தான் ஓவியத்தின் தலைப்பு முக்கியமாகிறது. 'சூறைக்காற்று' என்று மட்டும் அவர் பெயர் வைக்கவில்லை. கடந்து செல்லும் சூறை என்கிறார். தலைப்பைப் படித்துவிட்டு மீண்டும் படத்துக்கு வந்தால் கறுத்த முகில் வேறாகத் தெரிகிறது. அது வந்துகொண்டிருக்கும் முகில் அல்ல, போய்க்கொண்டிருக்கும் முகில். ஆபத்து முடிந்தது, கோட்டை இருக்கிறது, இறங்கலாம். படத்தின் உணர்வு அச்சம் அல்ல, அச்சம் நீங்கிய மூச்சு.

காலத்தை மாற்றிப் பார்த்தால் இது இன்னும் தெளியும். டேனியலின் படத்துக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் முன்னர், 1831 வாக்கில், சப்பானியக் கலைஞர் ஹொகுசாய் 'கனகாவாக் கடலில் பேரலை' என்ற மரக்கட்டை அச்சுப் படத்தை வெளியிட்டார். உலகத்தில் அதிகம் பேர் பார்த்த கடல் படம் அதுவாகத்தான் இருக்கும். சட்டையில்கூட அச்சிட்டு விற்கிறார்கள். அங்கேயும் முன்னே கொந்தளிக்கும் நீர், சிறு படகுகள்; பின்னே அசையாத ஒரு பொருள், பூஜி மலை. அமைப்பில் இரண்டும் உறவு. ஆனால் ஹொகுசாயின் அலை இன்னும் விழவில்லை. துடுப்பாளர்கள் படகோடு படகாகக் குனிந்து ஒட்டியிருக்கிறார்கள். அடுத்த நொடி என்ன என்பது நமக்குத் தெரியாது. மலையோ அலையின் அடியில் ஒரு குட்டி அலை போல ஒடுங்கிக் கிடக்கிறது. ஹொகுசாய் அலைக்கு முந்திய நொடியை வரைந்தார். டேனியல் சூறைக்குப் பிந்திய நொடியை. இருவருக்கும் கடல் ஒன்றேயானாலும் பொழுது வேறு, ஆகவே உணர்வும் வேறு.

டேனியல் தேர்ந்தெடுத்த அந்தப் பிந்திய நொடிக்கு அரசியல் பொருளும் உண்டு. 1833, கிழக்கிந்தியக் கம்பெனியின் சாசனம் நாடாளுமன்றத்தில் புதுப்பிக்கப்பட்ட ஆண்டு. கம்பெனியின் வாணிக உரிமைகள் அத்தோடு முடிந்து, ஆட்சி மட்டும் அதன் கையில் நின்றது. சென்னை மாகாணத்தின் வடபகுதியில் குண்டூர்ப் பஞ்சம் மக்களைக் கொன்றுகொண்டிருந்ததும் 1832–33-இல்தான். அந்த வேளையில் இலண்டன் சுவரில் தொங்கிய சென்னை, புயல் ஓய்ந்து கோட்டை தெரியும் சென்னை. ஓவியர் பஞ்சத்தை வரைந்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர் செய்தித்தாள் அல்லர். ஆனால் "கடல் எவ்வளவு சீறினாலும் கோட்டை அங்கே நிற்கும்" என்ற நிம்மதி யாருடையது என்று கேட்காமல், படம் அழகு என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது அரைத் திறனாய்வு.

கரையில் நிற்பவரின் கடல்

இதே கடலைத் தமிழ் மரபு எங்கிருந்து பார்த்தது? நெய்தல் திணையை எண்ணிப் பாருங்கள். தொல்காப்பியம் வகுக்கும் முதற்பொருள், கருப்பொருள், உரிப்பொருள் என்ற பகுப்பு, நிலக்காட்சி ஓவியத்தைப் பேசவும் நல்ல கருவி என்பது என் எண்ணம். நம் ஓவியத் திறனாய்வில் அதை ஏனோ அதிகம் எடுத்தாளுவதில்லை. முதற்பொருள் இடமும் பொழுதும். கருப்பொருள் அந்த இடத்தில் இருப்பவை: புன்னை, தாழை, சுறா, உப்பு, திமில். உரிப்பொருள் அங்கே நிகழும் மனநிலை. நெய்தலுக்கு உரியது இரங்கல், பொழுது எற்பாடு.

நெய்தல் பாட்டில் கடல் ஏன் துயரமாயிற்று? கடல் கறுப்பு என்பதால் அல்ல. தலைவி கரையில் நிற்கிறாள் என்பதால். போனவன் திரும்பவில்லை; பொழுது சாய்கிறது; பறவைகள் கூடு திரும்புகின்றன. கடல் நீலமாக, தெளிவாக, அழகாக இருந்தாலும் அது இரங்கல்தான். இன்னும் சொன்னால், அழகாக இருப்பதே அவளுக்குத் தாங்கவில்லை. அவளைத் தூக்கி டேனியலின் கப்பல் தளத்தில் நிறுத்திவிட்டால் இரங்கல் கலைந்துவிடும். வருகிறவனின் கடலுக்கும் காத்திருப்பவளின் கடலுக்கும் நீர் ஒன்றே. நிற்கும் இடம்தான் வேறு.

ஐரோப்பாவிலேயே இதற்கு நல்ல சான்று உண்டு. ஜெர்மானிய ஓவியர் காஸ்பர் டேவிட் ஃபிரீட்ரிக் 1808-க்கும் 1810-க்கும் இடையில் 'கடலோரத்துத் துறவி' என்ற படத்தை வரைந்தார். மேலே பரந்த வானம், நடுவே கறுத்த கடலின் ஒரு பட்டை, கீழே வெளிறிய மணல்; நமக்கு முதுகு காட்டி நிற்கும் ஒரே ஒரு சின்ன உருவம். அவ்வளவுதான். அந்தப் படத்தைக் கதிர்களின் உதவியால் ஆராய்ந்தபோது, அவர் முதலில் கடலில் கப்பல்களை வரைந்திருந்தது தெரிந்தது. பிறகு அவற்றை மறைத்துவிட்டார். கப்பல் இருந்திருந்தால் அந்தத் துறவி யாரையோ வரவேற்கவோ வழியனுப்பவோ வந்தவர் ஆகியிருப்பார். படத்தில் ஒரு கதை வந்திருக்கும். கப்பலை எடுத்ததும் காத்திருக்க ஆள் இல்லை. மிஞ்சியது வெறும் வெளி. கடலின் நிறத்தை மாற்றாமலேயே ஓர் ஓவியர் படத்தின் உணர்வைத் தலைகீழாக்க முடியும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டியதில்லை.

கட்டுமரத்தில் இருப்பவர்

டேனியலின் படத்துக்குத் திரும்புவோம். அதில் நம்மைத் தவிர வேறு ஆட்களும் இருக்கிறார்கள் அல்லவா? கலத்தைச் செலுத்துபவர்கள். சூறை அவர்களுக்கும் அடித்தது. ஆனால் படம் அவர்களைப் பார்க்கிறதே தவிர, அவர்கள் கண்ணால் பார்க்கவில்லை. அவர்களுக்கு அந்த நாள் ஒரு வேலைநாள். கடல் அவர்களுக்கு வாசற்படியும் அல்ல, பிரிவும் அல்ல. அதுதான் வீட்டு முற்றம், அதுதான் தொழிற்கூடம். அங்கிருந்து பார்த்தால் கடல் எப்படி இருக்கும்?

இந்தக் கேள்வி எனக்கு ஓவிய நூல்களிலிருந்து கிடைத்ததல்ல. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியராக இருந்தேன். ஓவிய ஆசிரியர் இல்லாத காலத்தில் அந்தப் பாடவேளையும் என் தலையில் விழும். எட்டாம் வகுப்பில் ஒருநாள் "கடலை வரையுங்கள்" என்று சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்த உட்கார்ந்தேன். நாற்பது தாளில் முப்பத்தைந்து ஒரே படம்: பாதி முழுகிய சூரியன், நெளிநெளியாக நீலக் கோடுகள், முக்கோணப் பாய் கட்டிய ஓடம், ஓரத்தில் ஒரு தென்னை. அப்படிப் பாய் கட்டிய ஓடத்தை எங்கள் கரையில் யாரும் பார்த்திருக்க முடியாது. எல்லாம் இயந்திரம் பொருத்திய ஃபைபர் படகுகள். காலண்டரிலிருந்து வந்த கடல் அது.

ஒரு தாளில் மட்டும் கடலே இல்லை. கடலோரக் குப்பத்திலிருந்து வருகிற பையன். தாளின் அடியில் விரல் கனத்துக்கு ஒரு பட்டை. அதன்மேல் நீளமாக ஒரு கரை. அதில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள், கிரேன், ஒரு தண்ணீர்த் தொட்டி, கோயில் என்று வரிசையாக. பத்துக்கு நான்கு மதிப்பெண் போட்டுவிட்டு, "கடல் எங்கடா?" என்று கேட்டேன்.

"நாம கடல்லதான சார் இருக்கோம். அங்கருந்து கரைதான் தெரியும்" என்றான்.

எந்தப் புகைபோக்கியும் எந்தக் கோயிலும் ஒரே நேர்கோட்டில் வந்தால் வலை போட்ட இடம், எது எந்தப் பக்கம் நகர்ந்தால் வீட்டுக்கு வழி என்று அவன் விளக்கினான். அப்பாவோடு போய்க் கற்றது. ஐரோப்பிய மாலுமிகளும் இதையே செய்தார்கள். கப்பலிலிருந்து தெரியும் கரையின் கோட்டை நீளவாட்டில் வரைந்து வைத்துக்கொண்டு, அடுத்த பயணத்தில் அதை அடையாளம் பார்த்தார்கள். டேனியலின் படத்துக்கே அந்தக் கரைக்கோட்டுப் படங்கள் மூதாதை. அந்தப் பையனும் டேனியலும் ஒரே திசையில்தான் பார்க்கிறார்கள், நீரிலிருந்து நிலத்தை. ஆனால் ஒருவர் வேற்றுநாட்டுக்கு வந்து சேர்கிறார்; மற்றவன் சோற்றுக்கு வீடு திரும்புகிறான். அந்தத் தாளில் சூரியன் இல்லை, முகில் இல்லை, நிறம்கூட இல்லை, வெறும் பென்சில். அதில் இருந்தது என்ன உணர்வு என்று அன்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மதிப்பெண்ணைத் திருத்திப் போட்டேனா என்பதும் நினைவில்லை. தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், அதுதான் வருத்தம்.

இப்போது டேனியலின் ஓவியத்தைத் திரையில் பார்க்கும்போதெல்லாம் என் கண் கோட்டைக்குப் போகும் முன் அந்தக் கலங்களுக்குப் போகிறது. ஓவியர் அவர்களை இழிவாக வரையவில்லை. இலண்டன் பார்வையாளருக்கு அவர்கள் விந்தையான அணிகலன். ஆனால் கடல் அறிந்த ஓவியரின் கைக்கு, இந்தக் கடலில் யார் திறமைசாலி என்பது தெரிந்தே இருக்கிறது. கோட்டையிலிருப்பவர் எவரும் இந்த அலையில் அரை நாழிகை நிற்க மாட்டார். பின்புலம் கோட்டையின் நிலைபேற்றைச் சொல்ல, முன்புலம் அதற்குச் சோறு, கடிதம், சரக்கு, ஆள் எல்லாம் யார் கையால் போய்ச் சேர்ந்தன என்று சொல்லிவிடுகிறது. ஓவியர் நினைத்துச் செய்தாரா என்பது தெரிய வேண்டிய அவசியமில்லை. முன்புலத்தைப் பெரிதாக்கியதும் அது வந்துவிட்டது.

இன்று அந்த இடம்

டேனியல் பார்த்த காட்சியை இன்று யாரும் பார்க்க முடியாது. 1861-இல் சென்னையில் இரும்புப் பாலமேடை கடலுக்குள் நீண்டது. 1870-களில் செயற்கைத் துறைமுகத்தின் வேலை தொடங்கியது, முடியும் தறுவாயில் 1881 நவம்பர்ப் புயல் அதை உடைத்தெறிந்தது, மீண்டும் கட்டினார்கள். அலைதாங்கிச் சுவர்கள் எழுந்த பிறகு மசூலாவுக்கு வேலை இல்லாமல் போயிற்று. கரையோரமாகத் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை அந்தச் சுவர்கள் தடுத்தன. தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வராமல் கடல் உள்ளே புகுந்தது. முன்பு கோட்டைச் சுவருக்கு அருகிலேயே அலை அடித்தது; இன்று கோட்டை வாசலுக்கும் நீருக்கும் இடையே அகன்ற சாலையும் துறைமுகமும் இருக்கின்றன. கப்பலிலிருந்து பார்த்தால் முதலில் தெரிவது கிரேன்கள். கோட்டைக் கொடிமரத்தைத் தேட வேண்டும்.

ராயபுரத்திலிருந்து எண்ணூர் நோக்கிக் கடலோரமாகப் போனால், கடலுக்கும் வீட்டுக்கும் நடுவே கருங்கல் கொட்டியிருப்பதைப் பார்க்கலாம். அதற்கும் வடக்கே, ஆற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் எங்கள் பக்கம். 2001-இல் செயல்படத் தொடங்கிய எண்ணூர்த் துறைமுகம், அதையடுத்துக் காட்டுப்பள்ளித் துறைமுகம், நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்க 2010-இல் தொடங்கிய ஆலை. மீஞ்சூர் பெயரில் வழங்கும் அந்த ஆலை இருப்பது காட்டுப்பள்ளியில், கடலை ஒட்டி. டேனியலின் முறையில் இந்தக் கரையைக் கப்பலிலிருந்து ஒருவர் வரைந்தால், கோட்டை இருந்த இடத்தில் இவை வரும். நெய்தல் முறையில் கரையிலிருந்து வரைந்தால், புன்னைக்கும் தாழைக்கும் பதில் எதைக் கருப்பொருளாக எடுப்பது என்று யோசிக்க வேண்டும். சவுக்கு இருக்கிறது, கருங்கல் இருக்கிறது, மூன்றாவதாகப் படகு இருக்கிறது. படகிலிருந்து வரைந்த படம் எதையும் நான் இதுவரை காட்சிக்கூடம் எதிலும் பார்த்ததில்லை.